காலி வண்டி எடை

மெத்தையில் இருந்த பள்ளம் சூடாக இருந்தது.

விடியற்காலை ஐந்தேகால் மணி. சடையப்பன் அப்போதுதான் கூடத்து மூலையில் இருந்த எடைக்கருவியில் ஏறி இறங்கியிருந்தான். எழுபத்திரண்டு புள்ளி பூஜ்யம். நூற்று நான்கில் கிளம்பி, எட்டு மாதம் கொள்ளும் சுரைக்காயும் தின்று, பிளாக்கைச் சுற்றிச் சுற்றி நடந்து, தெருநாய்கள் குரைப்பதை நிறுத்தி வாலாட்டத் தொடங்கிய பிறகு, வந்து சேர்ந்த எண். ஏதாவது நடக்கும் என்று அவன் நினைத்திருந்தான். நிலக்கரி மைன்ஸ் சங்கு ஊதி வாழ்த்தும் என்றெல்லாம் இல்லை; நெஞ்சுக்குள் ஒரு பொட்டு வெடியாவது வெடிக்கும் என்று. ஒன்றும் நடக்கவில்லை. ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. தூரத்தில் கன்வேயர் பெல்ட் ஓடும் ஓசை, இந்த டவுன்ஷிப்பில் பிறந்த பிள்ளைகள் அமைதி என்று நினைத்துக்கொண்டு வளரும் அந்த ஓசை, வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. நெடுநேரம் காத்திருந்து, பஸ் வந்து, இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, போகிற ஊரில் நமக்கு யாரையும் தெரியாதே என்று நினைவுக்கு வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவனுக்கு.

மனைவியிடம் சொல்லலாம் என்று படுக்கையறைக்குப் போனான். மூன்று மாதமாக அவன் கூடத்தில் பாய் விரித்துத்தான் படுக்கிறான். கட்டிலில் படுத்தால் முதுகெலும்பு வளைந்துவிடும் என்று எடை குறைப்பு ஆலோசகர் செங்குட்டுவன் சொல்லியிருந்தார். கட்டில் முழுவதும் மலர்கொடிக்குத்தான். ஆனால் அவள் எப்போதும்போல சுவரோரம் ஒட்டிப் படுத்திருந்தாள். மீதிக் கட்டிலில் அந்தப் பள்ளம். இருபது வருடம் அவன் படுத்துப் படுத்து இலவம்பஞ்சு மெத்தையில் தோண்டி வைத்த பள்ளம். போன மாதம்தான் மெத்தையை வெயிலில் போட்டு, தடியால் அடித்து, பஞ்சை உப்ப வைத்திருந்தான். இப்போது மறுபடி குழிந்து கிடந்தது. கால்மாட்டில் உட்கார்ந்து கையை வைத்தான். சூடு. தலையணை நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வியர்வை ஈரம்.

"மலரு, எழுவத்திரண்டு வந்துட்டேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"செத்த நகந்து படுங்க. முட்டுது."

தூக்கத்தில் மனிதர்கள் என்னென்னவோ சொல்வார்கள். சடையப்பன் எழுந்து, எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, இதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

இதெல்லாம் தொடங்கியது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியால். வடலூரில் மலர்கொடியின் தங்கை மகளுக்கு வளைகாப்பு. மண்டபத்தில் முன் வரிசையில் சடையப்பன் உட்கார்ந்தான். நாற்காலியின் நான்கு கால்களும் நான்கு திசைகளுக்குப் பிரயாணம் போயின. கையில் இருந்த புளிசாதத் தட்டை மட்டும் அவன் கடைசிவரை கீழே விடவில்லை. பதினான்கு விநாடி வீடியோ. மாலைக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ மேளச்சத்தம் சேர்த்து வெளியிட்டார்கள். அதையெல்லாம் அவன் மன்னித்துவிட்டான். மன்னிக்க முடியாமல் போனது ஒன்றுதான். வீடியோவின் இடது ஓரத்தில் மலர்கொடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது. தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் முட்டும், எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு விக்கல் வரும். இருபத்து நான்கு வருட வாழ்க்கையில் அந்த விக்கலை வரவழைக்கத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவனுக்கு ஒரு கர்வம் இருந்தது. மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் காபி டம்ளரை நிறுத்தி, மூச்சை இழுத்து விட்டு அதை லிஃப்ட் மாதிரி ஏற்றி இறக்குவான். அவள் விக்குவாள். அந்த விக்கல் ஊர் முன்னால், தான் விழுந்து கிடக்கும்போது வந்ததுதான் அவனைத் தைத்தது. இனி அவள் தன்னைப் பார்த்து அப்படிச் சிரிக்கக் கூடாது என்று அன்று இரவு முடிவெடுத்தான். சில முடிவுகள் அப்படியே பலித்துவிடும். எட்டு மாதமாக அவள் சிரிக்கவே இல்லை.

அப்புறம் செங்குட்டுவன் வந்து சேர்ந்தார். முன்பு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், நடுவில் தண்ணீர் சுத்திகரிப்பு, இப்போது விசிட்டிங் கார்டில் 'உடற்சிற்பி'. உளியைக் கையால் தொட்டிருக்க மாட்டார். 'இலகு வாழ்வியல் இயக்கம்' என்று ஒன்று வைத்திருந்தார். அதில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே. எடை என்பது எண்ணல்ல, எண்ணம் என்பார். சொல்லிவிட்டு, கைதட்டுவதற்கு இடம் விடுவார். உறுப்பினர்களுக்கு ஒரு மஞ்சள் அட்டை. மூன்று கட்டங்கள்: தேதி, எடை, குடும்பத்தினர் கையொப்பம். குடும்பமும் பொறுப்பேற்க வேண்டுமாம். ஒவ்வொரு ஞாயிறும் மலர்கொடி குனிந்து எண்ணைப் பார்த்து, உருண்டை உருண்டையாகத் தன் பெயரை எழுதுவாள். முதலில் கேலி பேசிக்கொண்டே போட்டாள். பிறகு பேசாமல் போட்டாள். முப்பத்து நான்கு கையெழுத்துகள்.

அன்று ஏ ஷிஃப்ட், காலை ஆறு முதல் இரண்டு வரை. ஸ்டோர்ஸ் கேட்டில் புதிதாக வந்த காவலர் அடையாள அட்டைப் படத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இது உங்க அண்ணனா என்று கேட்டார். சடையப்பன் சிரிக்க முயன்றான். கன்னத்தில் அதற்குத் தேவையான சதை இல்லை.

அவன் வேலை எடைமேடையில். இரும்பு, ஜல்லி, சிமெண்ட் ஏற்றிக்கொண்டு வரும் லாரி முதலில் மேடையில் நிற்கும், அது கிராஸ். உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டு, காலியாக மறுபடி வந்து நிற்கும், அது டேர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நெட், அதாவது சரக்கு. இறக்கிய இடத்தில் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேபின் சன்னலில் இருந்து இரண்டு விரலை ஆட்டினால் வண்டி வெளியே போகலாம். இருபத்திரண்டு வருடமாக ஆட்டுகிறான். நம்பர் பிளேட்டைப் பார்ப்பான். டிரைவர் முகத்தைப் பார்த்ததாக அவனுக்கு ஞாபகமில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

வண்டிகளை மேடைக்கு அழைத்து நிறுத்துவது தனகோட்டி. சடையப்பன் பர்மனெண்ட், தனகோட்டி கான்ட்ராக்ட். இருவரும் ஒரே ஊர், அந்த ஊர் இப்போது மைன்ஸ் குழிக்குள் எங்கேயோ. வண்டி இல்லாத நேரத்தில் சடையப்பனை மேடையில் ஏற்றிப் பார்ப்பது தனகோட்டிக்குப் பழைய விளையாட்டு. மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். முன்பெல்லாம் நூறு காட்டும். அன்று எழுபது காட்டியது. வீட்டுக் கருவி காட்டிய எண்ணைச் சடையப்பன் சொன்னான்.

"காலி வண்டி மச்சான் நீ," என்றான் தனகோட்டி. "கிராஸு நூத்தி நாலு, டேரு எழுவத்திரண்டு. நெட்டு முப்பத்திரண்டு. அது கெடக்கட்டும், சரக்க எங்க எறக்குன?"

சடையப்பன் முழித்தான்.

"முழிக்காத. ரிசீவ் பண்ணிக்கினவங்க கையெழுத்து இருக்குதா? அது இல்லாம ஒரு வண்டியக் கேட்ட வுட்டு வெளிய வுட்ருக்கியா நீ?"

விளையாட்டுதான். ஆனால் ஷிஃப்ட் முடியும்வரை அந்தக் கேள்வி பல்லில் மாட்டிய நார் போல உறுத்தியது. கொழுப்பைக் கரைத்தேன் என்றுதான் எட்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். வேண்டாததைக் கழித்தேன் என்று. இந்த கேபினில் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு தலைகீழாக இருந்தது. வண்டி கேட்டுக்குள் வருவதே சரக்குக்காகத்தான். டேர் என்பது கழிப்பதற்காக மட்டுமே எழுதப்படுகிற எண்.

இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தான். டவுன்ஷிப்பின் மத்தியான வெயில் தனி ரகம்: அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், இலை மேல் சாம்பல், ஒரு மனிதர் இல்லை. ஒரே மாதிரியான குவார்ட்டர்ஸ்கள், ஒரே மாதிரியான பச்சைக் கதவுகள். கேட்டுக் கொக்கியில் கை வைத்தபோது உள்ளே இருந்து அது கேட்டது.

விக்கல். ஒன்றே ஒன்று.

அவன் அப்படியே நின்றான். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது: அவளுடைய இரண்டு நைட்டி, ஒரு துண்டு, ஒரு பனியன். பனியனின் அகலம் கொடியில் இரண்டு ஆள் இடத்தைப் பிடித்திருந்தது. பழைய அளவு பனியன்கள் எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்கு முன்பே பாத்திரக்காரியிடம் போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கியாகிவிட்டது. அந்தத் தூக்கில்தான் அவன் தினமும் கொள்ளுக்கஞ்சி கொண்டுபோகிறான். தொட்டுப் பார்த்தான். ஈரம். கக்கத்தில் மஞ்சள் படிந்த அந்த வட்டம். சோப்பையும் மீறி ஒரு வாசனை, வியர்வையும் பூசு பவுடரும் கலந்தது. அவனுடைய வாசனை. அவனிடம் இப்போது இல்லாத வாசனை.

உள்ளே மலர்கொடி தனியாகத்தான் இருந்தாள். யாரிடம் பேசினாய் என்று கேட்டதற்கு, யாருமில்லை என்றாள். பனியனைக் கேட்டதற்கு, பீரோ அடியில் கிடந்தது, துவைத்தேன் என்றாள். சரி. கூடத்து மர நாற்காலியின் பக்கத்தில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் பலாக்கொட்டைகள், வழவழவென்று, ஈரம் காயாமல், குவியலாக. பண்ருட்டியில் இருந்து வந்த பழம் மூன்று நாளாகச் சாக்குக்குள் இருந்து வீடு முழுக்க மணத்துக்கொண்டிருந்தது. அவன் ஒரு சுளை தொடவில்லை. அவள் சர்க்கரைக்காரி, இரண்டு சுளைக்கு மேல் தின்ன மாட்டாள். கொட்டைகளை எண்ணினான். நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டான்.

சனிக்கிழமை மாலை கிளப்பில் பாராட்டு விழா. செங்குட்டுவன் கோட்டு போட்டிருந்தார், சித்திரை மாதத்தில். மேடையில் ஆளுயரத்துக்கு ஒரு அட்டை உருவம்: நூற்று நான்கு கிலோ சடையப்பன், பனியனில், கண்ணை இடுக்கிச் சிரித்துக்கொண்டு. அதன் அருகில் எழுபத்திரண்டு கிலோவை நிற்க வைத்தார்கள். செங்குட்டுவன் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு பெரிய பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு வாழ்ந்தார் இந்த மனிதர். இன்று அதை இறக்கி வைத்துவிட்டார்," என்றார். கைதட்டலுக்கு இடம் விட்டார். அது வந்தது.

விழா முடிந்ததும் எல்லோரும் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அட்டை உருவத்தோடு. அதுதான் பார்க்கத் தமாஷாக இருந்தது. அதன் தொப்பையைத் தட்டினார்கள், தோளில் கை போட்டார்கள். சடையப்பன் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். யாரோ ஒருவர் அவனிடம் செல்போனைக் கொடுத்து, ஒரு போட்டோ எடுங்க சார் என்றார். எடுத்தான். திரையில் மலர்கொடி அட்டை உருவத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். நின்று, யாரும் பார்க்காதபோது, அதன் மார்பில் லேசாகச் சாய்ந்தாள். அட்டை சாய்ந்திருக்க வேண்டும். விழுந்திருக்க வேண்டும். தாங்கி நின்றது.

ஞாயிறு காலை மலர்கொடி காய்கறி வாங்கப் போயிருந்தாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் நந்தினி வீடியோ அழைப்பில் வந்தாள். எலும்பு தெரிகிறது, போதும் நிறுத்துங்கள் என்று முதலில் கொஞ்சம் அழுதாள். பிறகு ஆபீஸ் கதை, ஹாஸ்டல் கதை. நடுவில் நிறுத்திவிட்டு, காதைத் திரையருகே கொண்டுவந்தாள்.

"யாருப்பா அது, இந்தக் கொறட்ட வுடறது? அம்மாவா?"

அப்போதுதான் அவனுக்கும் கேட்டது. வெகுநேரமாகவே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, கன்வேயர் ஓசைக்கு அடியில். முதல் கியரில் மேடு ஏறும் லாரி போலத் தொடங்கி, உச்சியில் ஒரு விசில். எடை குறைந்தால் குறட்டை நிற்கும் என்று செங்குட்டுவன் சொன்னார்; நின்றது. எங்கே நின்றது? பக்கத்து அறையில் நின்றது. செல்போனைக் கவிழ்த்து வைத்தான். எழுந்தான். கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு ஏறியது, இறங்கியது, ஏறியது. அவன் கைப்பிடியைத் தொட்டான்.

பாதியில் நின்றது. உற்றுக் கேட்கிற ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொள்வது போல.

திறந்தான். அறையில் யாருமில்லை. பள்ளம் மட்டும். முன்பைவிட ஆழமாக. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டில் பலகை ஒரு முறை முனகியது. பாரம் புரண்டு படுத்தால் முனகுமே, அந்த மாதிரி.

அன்று மாலையில் இருந்து அவன் சாப்பிடத் தொடங்கினான். யோசித்து எடுத்த முடிவு இல்லை. கை தானாகப் போனது. கொள்ளுக்கஞ்சியை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு, மூன்று தட்டு சோறு, தயிர், வறுத்த முந்திரி, மிச்சமிருந்த பலாப்பழம் முழுவதும். மூச்சு முட்டத் தின்றான். மறுநாள் காலை எழுபது புள்ளி நான்கு. கேன்டீனில் நான்கு புரோட்டா, வடை, மத்தியானம் பிரியாணி. அறுபத்தெட்டு. கருவியில் பேட்டரி மாற்றினான். அறுபத்தாறு. செங்குட்டுவனுக்கு போன் செய்து, நிற்க மாட்டேன் என்கிறது சார் என்றான். இலக்கைத் தாண்டிய சாதனைக்குத் தனி விருது உண்டு என்று அவர் மகிழ்ந்தார். டவுன்ஷிப் மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்; எல்லாம் அற்புதமாக இருக்கிறது, இருபத்தைந்து வயதுப் பையனின் ரத்தம் என்றார்கள். ரத்தத்தில் எந்தக் குறையும் இல்லை. வீட்டில் சோறு மட்டும் நேற்றைவிட இன்று ஒரு ஆழாக்கு கூடுதலாக வெந்தது, மலர்கொடியிடம் கேட்டால் கை தவறிவிட்டது என்றாள். அவள் முகத்தில் மினுமினுப்பு வந்திருந்தது. நடக்கும்போது எதையோ முணுமுணுத்துப் பாடினாள். அவனைக் கண்டதும் நிறுத்தினாள்; கோபமாக அல்ல, அடுத்தவர் வீட்டு மனிதரைக் கண்டால் குரலைத் தணித்துக்கொள்வோமே, அப்படி.

ஒரு காலை, ஷிஃப்டுக்குப் புறப்படும்போது, அவளிடம் கேட்டுவிட்டான். இந்த வீட்டில் என்ன நடக்கிறது, உனக்குத் தெரிகிறதா இல்லையா. அவள் அடுப்பைத் தணித்தாள்.

"நீங்கதான வேணாம்னு எறக்கி வச்சீங்க," என்றாள். "பாரமா இருக்குதுன்னீங்க. எனக்கு ஒண்ணும் பாரமா இல்லீங்க."

அவன் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போய் உப்பை எடுத்தாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போவது போல.

வேலையில் கை ஓடவில்லை. ஒன்றரை மணிக்கு வண்டி வரத்து ஓய்ந்தபோது தனகோட்டியிடம், விளையாட்டாகக் கேட்பது போலக் கேட்டான்.

"எறக்குன சரக்கத் திருப்பி ஏத்திக்கினு வர முடியுமாடா?"

தனகோட்டி பீடியைக் காதில் இருந்து எடுத்தான். "கையெழுத்துப் போட்டாங்களா?"

"போட்டாங்க."

"அப்ப அது அவங்க சரக்கு மச்சான். வண்டிக்கு இன்னா வேல அங்க?"

சடையப்பன் பையைத் திறந்து மஞ்சள் அட்டையை எடுத்தான். முப்பத்து நான்கு கட்டங்கள். உருண்டை உருண்டையாக, மலர்கொடி, மலர்கொடி, மலர்கொடி. மேலே அச்சிட்டிருந்த தலைப்பைப் படித்தான். குடும்பத்தினர் கையொப்பம். அப்படித்தான் இருந்தது. அப்படி மட்டும்தான் இருந்தது. ஆனால் அவன் இருபத்திரண்டு வருடமாகக் கையெழுத்துகளைப் பார்ப்பவன். சாட்சிக் கையெழுத்துக்கும் பெற்றுக்கொண்டவர் கையெழுத்துக்கும் அழுத்தத்தில் வித்தியாசம் உண்டு. கடைசிப் பத்துப் பன்னிரண்டில் பேனா அட்டையின் மறுபுறம்வரை பதிந்திருந்தது.

வெளியே போய் எடைமேடையில் ஏறினான். இரும்புத் தகடு வெயிலில் கொதித்தது; செருப்பை மீறிச் சுட்டது. நடுவில் போய் நின்று, கேபினைத் திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எண்கள்.

பூஜ்யம்.

தனகோட்டி கேபினுக்குள் இருந்தான். சடையப்பன் கையை ஆட்டினான். தனகோட்டி இந்தப் பக்கம்தான் பார்த்தான். சடையப்பனின் வழியாக, அவனுக்குப் பின்னால் நின்ற சிமெண்ட் லாரியைப் பார்த்தான். மைக்கை வாயருகே எடுத்தான்.

"மேட காலி. அடுத்த வண்டி ஏறு."

லாரி உறுமியது. சடையப்பன் ஒதுங்கினான். பம்பர் அவன் சட்டையை உரசிக்கொண்டு ஏறியது. டிரைவர் ஹார்ன் அடிக்கவில்லை.

வீட்டுக்கு நடந்தான். சைக்கிள் ஸ்டாண்டில் இருந்த தன் ஸ்கூட்டரை அவன் எடுக்கவில்லை; இருக்கையில் உட்கார்ந்தபோது ஸ்பிரிங் அமுங்காமல் இருந்ததைப் பார்த்து, இறங்கிவிட்டான். ரோட்டில் தெருநாய்கள் படுத்திருந்தன. ஒன்றும் வாலாட்டவில்லை. சாம்பல் படிந்த நடைபாதையில் தன் செருப்புத் தடத்தைத் தேடிப் பின்னால் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

இரண்டரை மணி. பச்சைக் கதவு பாதி திறந்திருந்தது. கேட்டுக் கொக்கியை எடுக்கப் பார்த்தான். விரல் அதில் நின்றது. கொக்கி எழும்பவில்லை.

கதவு இடைவெளியில் கூடம் தெரிந்தது. மர நாற்காலியின் பின்புறம். அதில் ஒரு முதுகு. பனியன். கழுத்துக்குப் பின்னால் இரண்டு மடிப்பு, மடிப்புக்கு நடுவே பவுடர் கோடு. அகலமான முதுகு, நாற்காலியின் இரண்டு பக்கமும் வழிந்தது. சோறு பிசையும் தோள் அசைவு. அவனுக்குத் தெரியும் அந்த அசைவு. இடது முழங்கையை ஊன்றிக்கொண்டு. கட்டைவிரலால் தள்ளி. எதிரே மலர்கொடி குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். முதுகு என்னவோ சொன்னது. தாழ்ந்த குரல். அவன் குரல். அவளுக்குத் தோள் குலுங்கியது. கரண்டி ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மலரு," என்றான் சடையப்பன்.

காற்றுதான் வந்தது. ஆனால் அவள் நிமிர்ந்தாள். கேட்டைப் பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வெயிலில் செருப்பில்லாமல் தத்தித் தத்தி வந்தாள். கேட்டுக்கு மேலாக நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். குடித்தான். தண்ணீர் எங்கும் போய்ச் சேரவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொம்பு திரும்பி வருவதற்காகக் காத்திருந்தாள். சரக்கு இறக்க வந்த ஆட்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் பெண்கள் அப்படித்தான் நிற்பார்கள். மரியாதையாக. முகத்தைப் பார்க்காமல்.

சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"வெயில்ல நிக்காதீங்க," என்றாள். "எறக்கியாச்சு இல்ல. கெளம்புங்க."

போய்விட்டாள். அவன் நின்றான். பள்ளம் சூடாக இருக்கும். நாற்காலி சூடாக இருக்கும். போக வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

உள்ளே நாற்காலி முனகியது. கனமாக. மெதுவாக. முதுகு திரும்பியது. கூடத்துச் சன்னலுக்கு அது வந்து நின்றபோது வெளிச்சம் முழுவதும் அடைபட்டது. மீசையில் குழம்பு. அந்த முகத்தில் பகை ஒன்றும் இல்லை. அவனை அது பார்க்கவே இல்லை. வேறு எதையோ பார்த்தது, அவன் மார்புக்குக் கீழே, நம்பர் பிளேட் இருக்கிற உயரத்தில்.

சன்னல் கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. சோறு ஒட்டிய கை.

இரண்டு விரலை ஆட்டியது.

சடையப்பனின் கால்கள் திரும்பின. அவன் திருப்பவில்லை. ஆளில்லாத ரோட்டில், ஒரே மாதிரியான பச்சைக் கதவுகளைத் தாண்டி, அவை நடந்தன. பின்னால், சிரித்து முடித்த ஒருத்தியின் விக்கல் கேட்டது.

ஒன்றே ஒன்று.